நடிகைக்கு நான் எழுதிய கடிதங்கள்

அம்மா இறந்த மறு வருடம், எனக்குப் பதின்மூன்று வயதில், ஒரு சினிமா நடிகைக்குக் கடிதம் எழுதினேன். எழுபதுகளின் தொடக்கம் அது. அந்த நடிகை நடிப்பதை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னோடு படித்த பெண்களுக்கு அவர் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அவர்கள் கலர் படங்களின் ஆட்கள். நான் அம்மாவால் கறுப்பு வெள்ளைக்குப் பழகியவள்.

அம்மா வேலூரில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால், ஐம்பதுகளில், அந்த நடிகையின் படம் எது வந்தாலும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவாளாம். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களை நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தாள். சமைக்கும்போது எங்களுக்குக் கதை சொல்லுவாள், வசனத்தோடு. திருவண்ணாமலைக்கு அந்தப் படங்கள் எப்போதாவது திரும்பி வரும். புதுப் படத்தின் பெட்டி வந்து சேராத வாரங்களில் தியேட்டர்காரர்கள் பழையது ஒன்றைப் போட்டு ஓட்டுவார்கள். அக்காவையும் என்னையும் அழைத்துக்கொண்டு அம்மா மேட்னிக்குக் கிளம்பிவிடுவாள்.

பிரிண்ட் தேய்ந்து திரை முழுக்க மழை பெய்துகொண்டிருக்கும். ஒரு காட்சி பாதியில் அறுந்து அடுத்த காட்சிக்குத் தாவும். அப்போது அம்மா குனிந்து, "இந்த எடத்துல ஒரு பாட்டு இருந்துச்சு, கட் பண்ணிட்டானுங்க" என்பாள். பிறகு எங்கள் இரண்டு பேர் காதிலும் மட்டும் விழுகிற மாதிரி அந்தப் பாட்டை முணுமுணுப்பாள். முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தாலும் நிறுத்தமாட்டாள்.

அந்த நடிகை அழும்போது கண்ணீரைத் துடைக்கமாட்டார். அது பாட்டுக்கு வழியும். அம்மாவும் அப்படித்தான். நெற்றியில் முடியை வளைத்து வாருவது, பூவை ஒரு பக்கமாக வைப்பது எல்லாம் அவரைப் பார்த்துப் பழகியது. மஞ்சள் காமாலை வந்து மூன்றே வாரத்தில் அம்மா போய்விட்டாள். அவளை நாங்கள் போட்டோ எடுத்து வைத்திருக்கவில்லை. இருந்தது ஒரே ஒரு கல்யாண குரூப் போட்டோ. அதில் அவள் முகம் தலையில் கட்டியிருந்த பூவால் பாதி மறைந்திருந்தது. அதனால் அம்மாவைப் பார்க்கவேண்டும் போலிருந்தால் பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் இருந்த நடிகையைப் பார்ப்பேன்.

ஒரு சினிமா பத்திரிகையின் கேள்வி பதில் பக்கத்தில் அவருடைய மெட்ராஸ் முகவரி வந்தது. இன்லண்டு லெட்டர் வாங்கி, 'அன்புள்ள அம்மா' என்று ஆரம்பித்து எழுதினேன். என் அம்மா உங்களைப் போல இருப்பாள், இப்போது இல்லை என்று எழுதினேன். எழுத இடம் தீர்ந்துபோய் மடிப்பு ஓரத்திலும் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கறுப்பு மை, இடது பக்கமாகச் சாய்ந்த எழுத்து. "உன் கடிதத்தைக் கேட்டு நான் அழுதேன். உன்னைப் பெற்றவள் என் முகத்தை விரும்பினாள் என்றால், இந்த முகத்தில் உனக்கும் பாதி உரிமை உண்டு. எப்போது வேண்டுமானாலும் எழுது." கீழே கையெழுத்து. கூடவே ஒரு போட்டோ.

அப்பா தேரடித் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மறுநாள் அது கடையில், கல்லாவுக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. சீர்வரிசைக்கு அண்டா வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு விசாரிப்பார்கள். "எம் பொண்ணுக்கு எழுதியிருக்காங்க" என்று மட்டும் சொல்லுவார்.

அதற்குப் பிறகும் வீட்டுக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பகலில் அப்பா கடையில், நான் பள்ளிக்கூடத்தில். தபால்காரரிடம் வாங்கி வைப்பது அக்காதான். அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள். அம்மா போனதும் படிப்பை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தவள். கடிதத்தை ஒட்டுப் பிரிக்காமல் என் புத்தகங்கள் மேல் வைத்திருப்பாள். படித்துப் பாரேன் என்று நானே நீட்டினாலும் வாங்கமாட்டாள். "உனுக்கு வந்த லெட்டரு. நான் இன்னாத்துக்குப் படிக்கணும்?" என்பாள்.

வருடத்துக்கு ஐந்து, ஆறு கடிதங்கள். நான் எழுதாத விஷயமே கிடையாது. பெரியவளானது, கணக்கில் தவறியது, அப்பா சாப்பிடும்போது அழுதது, எல்லாம் எழுதினேன். அங்கிருந்து வந்த பதில்கள் ஒன்றுகூடச் சோடை போனதில்லை. நான் சொன்னதில் எது முக்கியமோ அதைச் சரியாகப் பிடித்து அதற்கு மட்டும் பதில் இருக்கும். அப்படிக் கேட்பதற்கு வேறு ஆள் எனக்கு இல்லை.

அக்காவை அப்பா மத்தியான வேளையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பினார். வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே என்று அவர் மனசுக்குப் பட்டிருக்கிறது. அங்கே ஒருவர் ஹையர் பரீட்சைக்குப் படிக்க வந்தார். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா, வெளியூர், வேறு சாதி. அக்காவுக்கு அவர் மேல் விருப்பம் என்பது எனக்கு ஒரு வருடம் தெரியாது. எனக்குப் பதினாறு வயது நடந்தபோது, ஒரு சாயங்காலம் தெரிந்தது.

பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அக்கா வெளியே போகிற புடவையைக் கட்டியபடி அடுப்பு பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய துணிப்பை. அதில் நாலு புடவையும் டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டும் இருந்தன. என்னவென்று கேட்டேன். அடுப்பு நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகுதான் சொன்னாள். அவரோடு வேலூருக்குப் போய் அங்கே கல்யாணம் செய்துகொள்வதாக ஏற்பாடு. காலையில் அப்பா கடைக்குப் போனதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் எடுக்கக் கொஞ்ச நேரம் இருந்தது.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்னு எறங்கினேன். கொழாயாண்ட நிக்கும்போது உன் ஞாபகம் வந்துச்சு. நீ ஸ்கூல் வுட்டு வந்து, பூட்டுன கதவப் பாத்துக்கினு நிப்பியேனு தோணிச்சு. அப்டியே பின்பக்கமா நடந்து வந்துட்டேன்."

அவர் என்ன ஆனார் என்று கேட்டேன். பஸ் போய்விட்டது, அவரும் போயிருப்பார் என்றாள். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். நான் அம்மா மேல் சத்தியம் செய்தேன்.

மூன்று நாள்தான் என்னால் பொறுக்க முடிந்தது. எனக்காக ஒருத்தி தன் வாழ்க்கையையே விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பது துக்கமாகவும் இருந்தது, தாங்க முடியாத பெருமையாகவும் இருந்தது. இன்லண்டு போதாது என்று கவரில் நாலு பக்கம் எழுதினேன். பை, சர்டிபிகேட், குழாய், பூட்டின கதவு, அக்கா சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். அம்மாவிடம் சொல்வது ஊருக்குச் சொல்வது ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். பதில் உடனே வந்தது. "உன் அக்கா பெரிய மனம் படைத்தவள். அவளைக் கண்ணைப் போல் பார்த்துக்கொள். இதை வேறு யாரிடமும் சொல்லாதே."

அந்தக் கடைசி வரிக்காக எனக்கு அவர் மேல் மதிப்பு இன்னும் கூடியது.

பதினோராம் வகுப்பு முடிந்ததும் அப்பா என் படிப்பை நிறுத்தப் பார்த்தார். நான் நடிகைக்கு எழுதினேன். அந்தத் தடவை பதில் அப்பா பெயருக்கு வந்தது. பெண்ணைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது தகப்பனின் கடமை என்று எழுதியிருந்தது. அப்பா மறுவார்த்தை பேசாமல் என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார். சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அவ்ளோ பெரிய மனுஷி சொல்லும்போது தட்ட முடியுமா" என்றார். பயிற்சி முடிந்து அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அக்காவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். நல்ல மனிதர். ஒரு பெண் குழந்தை பிறந்தது.

என் கடிதங்கள் குறைந்தன. அங்கிருந்தும் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து வரும், அவ்வளவுதான். நான் வளர்ந்துவிட்டேன், அவருக்கு அது தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கலர் படம் வந்தது. ஜட்கா வண்டியில் தட்டி கட்டி, கொட்டு அடித்து, நோட்டீஸ் போட்டுக்கொண்டு போனார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய் அழுதுவிட்டு வருவதாக ஊரெல்லாம் பேச்சு. அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர், மாமாதான் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். அக்காவும் நானும் பெண்கள் பக்கம்.

இடைவேளை வரை சாதாரணமாகத்தான் போனது. தாய் இல்லாத இரண்டு பெண்கள், அப்பாவுக்குப் பட்டுக் கடை. இதெல்லாம் எந்தப் படத்திலும் வருவதுதானே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு மூத்தவள் ஒரு துணிப்பையை எடுத்தாள். நாலு புடவையை மடித்து வைத்தாள். மேலே டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டை வைத்தாள்.



பஸ்ஸில் அவளும் அவனும் உட்கார்ந்திருந்தார்கள். "தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று இறங்கினாள். குழாயில் தண்ணீர் பிடித்தவள் அப்படியே நின்றாள். கேமரா அவள் முகத்துக்குக் கிட்டே வந்தது. பிறகு மறுபக்கமாக நடந்து போனாள். பஸ் கிளம்பியது. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனான். வீட்டில் தங்கை கேட்கிறாள், ஏன் திரும்பி வந்தாய் என்று. "பூட்டின கதவைப் பார்த்துக்கிட்டு நீ நிப்பியேன்னு தோணுச்சு." பெண்கள் பக்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். எனக்குப் பின்னால் ஒருத்தி வாய்விட்டே அழுதாள்.

அக்காவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. திரை வெளிச்சத்தில் அவளுடைய முழங்கை மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை.

வெளியே மாமா காத்திருந்தார். படம் ரொம்ப நன்றாக இருக்கிறது, அந்தப் பஸ் ஸ்டாண்டு சீனில் தனக்கே கண் கலங்கிவிட்டது என்றார். அக்கா ஆமாம் என்று சொல்லிக் குழந்தையை அவர் தோளில் மாற்றினாள்.

மறுநாள் காலையில் அப்பாவும் மாமாவும் வெளியே போன பிறகு, நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"யார்கிட்ட சொன்ன?"

யாரிடமும் சொல்லவில்லை என்றேன். சினிமாவில் எத்தனையோ எழுதுவார்கள், ஏதோ ஒத்துப்போயிருக்கும் என்றேன்.

"சர்டிபிகேட்டு கூடவா?"

தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

"லெட்டர்ல எழுதினியா?"

தலையை ஆட்டினேன். அவள் கத்தவில்லை, திட்டவில்லை. ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்த் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள் இருப்பதாக வந்தவள் அன்று மத்தியானமே மாமாவோடு ஊருக்குக் கிளம்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவிடம் டீச்சர் ஒருத்தி வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு விடியற்காலை பஸ்ஸில் மெட்ராஸ் போனேன். அதற்கு முன் தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. கோடம்பாக்கம் பக்கத்தில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முகவரி எனக்கு மனப்பாடம். போகிற வழியெல்லாம் கேட்கவேண்டிய கேள்வியை வார்த்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களா அம்மா இப்படிச் செய்தீர்கள்?

முன் அறையில் மேஜை போட்டு, கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மானேஜர் என்றார். ஊரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. என் பெயரை நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார். உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

நடிகை ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பருத்திருந்தது. முடி நரைத்திருந்தது. கண் மட்டும் அதே கண். என்னைப் பார்த்துச் சிரித்தார். "எவ்ளோ தூரம் இருந்து வந்திருக்கே, சாப்ட்டுப் போகணும்" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. படங்களில் நாங்கள் கேட்டது வேறு யாரோ பேசிய குரல் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாட்டு வேறொருவர் பாடியது என்பதாவது முன்பே தெரியும். நான் கொண்டுபோயிருந்த அவருடைய கடிதங்களில் ஒன்றை நீட்டினேன். கையில் வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு மானேஜரிடம் கொடுத்தார். தெலுங்கில் என்னவோ கேட்டார்.

"அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராதும்மா" என்றார் மானேஜர். "மொதல் லெட்டர நான் வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப அழுதாங்க. அப்புறம் வந்ததெல்லாம் நான்தான் பாத்துக்கிட்டேன்."

நடிகை என் தலையில் கை வைத்தார். அவருக்கு நான் யார் என்று தெரியவில்லை. தூரத்திலிருந்து வந்த ஒரு ரசிகை. சாப்பாடு போடச் சொன்னார். நான் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுக்கத் தெரியவில்லை. சாப்பிட்டு எழுந்தபோது அவர் படுக்கப் போயிருந்தார். கேட்கவேண்டும் என்று வந்த கேள்வியைக் கேட்க ஆளே இல்லை.

முன் அறையில் மானேஜரிடம் படத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். பல வருடமாகக் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கதை சொல்கிறாராம், எதுவும் எடுபடவில்லையாம். இந்தப் படத்தின் கதை விவாதத்தில் இரண்டாம் பாதிக்கு ஒரு காட்சி கிடைக்காமல் தவித்திருக்கிறார்கள்.

"எனக்கு உன் லெட்டர் ஞாபகம் வந்துச்சு. சொன்னேன். டைரக்டர் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். டைட்டில்ல என் பேரு வந்திருக்கு, பாத்தியா?"

"அது எங்க அக்காவோடதுங்க" என்றேன்.

"ஊர் பேர் எதுவுமே வரலியேம்மா. பாத்திரக் கடையைக்கூடப் பட்டுக் கடையா மாத்தச் சொன்னது நான்தான். யாருக்கும் தெரியாது."

"அவளுக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்ற ரசிகர்களுக்கெல்லாம் அச்சடித்த கார்டுதான் போகும், எனக்கு மட்டும்தான் தன் கையால் எழுதினாராம். அவருக்குக் குழந்தை இல்லையாம். என் கடிதம் வருகிற நாள் அவருக்கு நல்ல நாளாம். அதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அது என் ஆத்திரத்தை இன்னும் அதிகமாக்கியது. ஒரு வயசுப் பெண் பெற்ற தாயிடம் சொல்வதாக நினைத்து எழுதியதையெல்லாம் முன்பின் தெரியாத ஓர் ஆண்பிள்ளை அந்த மேஜையில் உட்கார்ந்து படித்திருக்கிறார். உடம்பெல்லாம் கூசியது.

என் கடிதங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் அலமாரியைத் திறந்தார். அத்தனையும் தேதி வாரியாக அடுக்கி, சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். கட்டை அப்படியே எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அந்த நாலு பக்கக் கடிதத்தில் சில வரிகளின் அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. வேறு கடிதங்களிலும் கோடுகள் இருந்தன. அப்பா சாப்பிடும்போது அழுத இடத்தில் இரட்டைக் கோடு.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கட்டை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். அக்கா களத்தில் மல்லாட்டை காயப்போட்டிருந்தாள். அவள் மாமியார் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். என்னுடைய கடிதம் ஒன்றை அவள் படித்தது அதுதான் முதல் தடவை. நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"எவ்ளோ அழகா எழுதியிருக்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு சொன்னாள்.

"அவன் வரவே இல்லடி."

எனக்குப் புரியவில்லை.

"பத்து மணிக்கு வரேன்னான். மூணு வேலூரு பஸ்ஸு போச்சு. பையக் கையில வெச்சிக்கினு ரெண்டு மணி வரிக்கும் நின்னேன். கடலை விக்கிறவன்லாம் பாத்துட்டுப் போறான். தண்ணி குடிச்சேன், வூட்டுக்கு வந்துட்டேன். ஒரு வாரம் கழிச்சு, மாத்தல் வாங்கிக்கினு போயிட்டான்னு இன்ஸ்டிடியூட்ல சொன்னாங்க."

"அப்ப என்னப் பத்தி சொன்னது?"

"நீ வந்து நிக்கற. பை இருக்குது. எதுனா சொல்லணும் இல்ல?"

வாசல் வேம்பில் காக்கை கத்திக்கொண்டிருந்தது. அதை விரட்டக் கையை வீசினாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள். "படத்துல அவன் ஜன்னல்ல எட்டி எட்டிப் பாக்கறான். அந்த எடத்துல எனுக்கு அழுகை வந்துச்சு. எனுக்கு அப்டி யாரும் பாக்கல."

ஐந்து வருடம் நான் அந்தப் பூட்டின கதவை நினைத்துக்கொண்டே வளர்ந்திருந்தேன். எனக்காகத் திரும்பி வந்தவள் என்று அவளுக்கு அடங்கி நடந்தேன். வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தில் அவளுக்குப் புடவை எடுத்தேன். அது இல்லை என்று ஆனபோது, அவளும் என்னை ஏமாற்றினாள் என்றே தோன்றியது. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் தெரிந்தது. அவளே சொன்னாள்.

"நான் உன்கிட்ட பொய் சொன்னேன். நீ அத ஊருக்கே சொல்லிட்ட. ரெண்டும் சரியாப் போச்சுனு வெச்சிக்கலாம்னு பாக்கறேன். முடியல."

கடிதக் கட்டு முழுவதையும் வெந்நீர் அடுப்பில் போட்டாள். நான் தடுக்கவில்லை. மாமியார் எழுந்து வந்து என்ன எரிகிறது என்று கேட்டபோது, "பழைய பேப்பரு அத்தை" என்றாள். எனக்குக் காபி கொடுத்து, பஸ்ஸுக்கு மாமாவின் ஆளைத் துணைக்கு அனுப்பினாள்.

நடிகை எண்பதுகளின் நடுவில் இறந்தார். பேப்பரில் பழைய போட்டோவோடு செய்தி வந்தது. ரசிகர்களின் கடிதங்களுக்குத் தம் கையாலேயே பதில் எழுதும் பண்பு கொண்டவர் என்று அதில் இருந்தது. அப்பா அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் கடையில் சட்டத்துக்குப் பூ போட்டார். அவரிடம் நான் எதையும் சொன்னதில்லை, அவர் இருந்தவரை. என்னை வேலைக்குப் படிக்கவைத்தது அந்த அம்மாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். வேலை என்னவோ உண்மைதான். முப்பத்தைந்து வருடம் அந்த வேலையில்தான் சாப்பிட்டேன்.

பழைய படம் பார்ப்பதை நான் விடவில்லை. விட முயன்றேன், முடியவில்லை. எங்கள் தெருவில் டி.வி. வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படம் ஒன்றைப் போட்டார்கள். அவர் அழுதார். அந்தக் குரல் யாருடையதோ, அந்த வார்த்தை யாருடையதோ, அதெல்லாம் தெரிந்துதான் பார்த்தேன். எனக்கும் கண்ணீர் வந்தது. என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அக்கா என்னோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. கார்த்திகை தீபத்துக்கு வருவாள். மல்லாட்டை, எண்ணெய் கொண்டு வருவாள். மழை, விலைவாசி, பெண்ணின் படிப்பு, மாமாவின் இருமல் பற்றிப் பேசுவாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. அவள் மனசுக்குள் இருப்பது ஒன்றையாவது அதற்குப் பிறகு என்னிடம் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் அவளுக்கு வேலூரில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் கழித்து மாமா கடைப் பக்கம் வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடினேன். பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தாள். ஏன்க்கா எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். லீவு போட்டுக்கொண்டு ஏன் அலையவேண்டும் என்றுதான் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அவளை டாக்டர் பார்க்க வந்தபோது என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டில்காரம்மாவும் நடை பழக வெளியே வந்தார். ஆரணிப் பக்கம், வயசானவர். தங்கச்சியா என்று விசாரித்தார். பிறகு அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். கட்டி என்றதும் அக்கா எவ்வளவு பயந்துபோனாள், பெண்ணுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன் தனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எப்படிப் புலம்பினாள், சின்ன வயசில் தாய் செத்தபோது தங்கச்சிக்குத் தலை வாரத் தெரியாமல் தானும் சேர்ந்து அழுதது. எனக்கே தெரியாத கதைகளை அவர் எனக்குச் சொன்னார்.

"நல்ல பொண்ணு. மனசுல ஒண்ணும் வெச்சிக்காது. கேக்காமலே எல்லாத்தையும் சொல்லிடும்" என்றார்.

உள்ளே போனேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள். இமை துடித்துக்கொண்டிருந்தது, தூங்கவில்லை. இரண்டு சாத்துக்குடியை உரித்துத் தட்டில் வைத்து மூடினேன். வார்டில் மணி அடித்துவிட்டார்கள். நான் எழுந்து நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.